எழுத்தும் துண்டும்: தரவுத்தள வினவல்களில் உட்சரத் தேடலின் வரலாறும் தமிழாய்வும்

முன்னுரை

தமிழ் நூல்கள் பெருமளவில் மின்வடிவம் பெற்றுவிட்ட இக்காலத்தில், ஆய்வாளர் தம் பணியைப் பெரும்பாலும் தேடலிலிருந்தே தொடங்குகின்றனர். தேடற்பெட்டியில் ஒரு சொல்லை உள்ளிட்டவுடன் சில நொடிகளில் விடை கிடைக்கிறது. விடை மிகுதியாக வந்தால் அது அட்டவணையாகிறது. விடை ஒன்றும் வாராவிடில், 'இச்சொல் இந்நூலில் ஆளப்படவில்லை' என்னும் தொடர் ஆய்வேட்டில் இடம்பெற்றுவிடுகிறது. அட்டவணையும் இத்தொடரும் ஒரே செயலை நம்பி நிற்கின்றன. நீண்ட எழுத்துச்சரம் ஒன்றினுள் சிறிய சரம் ஒன்று உள்ளதா எனக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும் செயலே அது.

இச்செயல் தரவுத்தள வினவல்களில் இரு வடிவங்களில் அமைகிறது. குறித்த உட்சரம் எங்கேனும் உள்ளதா எனக் கண்டறிதல் ஒன்று. குறித்த இடத்திலிருந்து குறித்த அளவு துண்டை வெட்டியெடுத்தல் மற்றொன்று. இரண்டும் பொறிவழிப்பட்ட எளிய வேலைகளாகவே தோன்றும். ஆயினும் 'மூன்றாம் எழுத்திலிருந்து இரண்டு எழுத்துகள்' என ஆணையிடும்போது, எழுத்து என்பது எது என்னும் வினா அவ்வாணைக்கு முன்பே தீர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வினாவுக்கு அட்டைத் துளைக் காலம் ஒருவகை விடையும், பைட் காலம் வேறொரு விடையும், ஒருங்குறிக் காலம் பிறிதொரு விடையும் அளித்தன. அவற்றுள் எதுவும் தமிழிலக்கணம் அளித்த விடையோடு முற்றிலும் பொருந்தவில்லை. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும், அதனால் தமிழாய்வின் முடிவுகளுக்கு நேரும் விளைவுகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

1. கணினிக்கு முன்: தொடையகராதியும் சொல்லடைவும்

சொல்லின் ஒரு பகுதியைக் கொண்டு சொல்லைத் தேடும் முறை தமிழுக்குப் புதிதன்று. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையது. அவற்றுள் தொடையகராதி செய்யுள் இயற்றுவோர்க்குத் துணையாக எதுகை நோக்கில் சொற்களைத் தொகுத்துத் தருவது. எதுகையாவது அடிதோறும் அல்லது சீர்தோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதாகும். முதலெழுத்துகள் அளவில் ஒத்திருத்தலும் வேண்டும். எனவே தொடையகராதி, இரண்டாம் எழுத்தைப் பிரித்தெடுத்து அதன்வழிச் சொற்களை வகைப்படுத்தும் ஒரு கருவியாகும். இன்றைய வினவல் மொழியில் கூறின், 'சொல்லின் இரண்டாம் இடத்திலிருந்து ஓர் எழுத்தைத் தருக' என்னும் கட்டளையின் விளைவை அது அச்சுத்தாளில் தருகிறது.

இருபதாம் நூற்றாண்டில் சொல்லடைவுகள் இப்பணியை விரிவாக்கின. வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோரின் சங்க இலக்கியச் சொல்லடைவு கணினியின் துணையோடு உருவாகி, 1993இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. இத்தகைய அடைவுகளில் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முடிவுசெய்தவர் புணர்ச்சி அறிந்த ஆய்வாளரே. பதம் பிரித்தல் முடிந்த பின்னரே வரிசைப்படுத்தல் தொடங்கிற்று. கணினித் தேடலில் இம்முறை தலைகீழாகிவிட்டது. பதம் பிரிக்கப்படாத பாடத்தின்மீது பொறி நேரடியாகத் தேடுகிறது.

மேலைநாட்டிலும் கணினிவழிச் சொல்லாய்வு ஓர் அடைவுத் தேவையிலிருந்தே பிறந்தது. இத்தாலியரான ரொபெர்த்தோ புசா என்னும் இயேசு சபைத் துறவி, தோமா அக்குவைனாசின் நூல்களில் 'இருப்பு' என்னும் கருத்தை ஆராய்ந்தார். 'உள்' என்னும் பொருள் தரும் 'இன்' என்ற சிற்றிடைச்சொல்லோடு அக்கருத்து பிணைந்திருப்பதைக் கண்டு, அதற்காக ஏறத்தாழ 10,000 அட்டைகளைக் கையால் எழுதினார். 1949இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து அவர் பெற்ற உதவி, பின்னர் 56 தொகுதிகளாக விரிந்த பேரடைவுக்கு வழிவகுத்தது. பெருஞ்சொற்களை விடுத்து ஓர் உருபளவான சொல்லைத் தேடியதிலிருந்தே இத்துறை தோன்றிற்று என்பது, உருபுகளால் இயங்கும் தமிழை ஆராய்வோர் நினைவிற்கொள்ளத்தக்கது.

2. அட்டையிலிருந்து வினவல் மொழிக்கு

ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. ஒரு நெடுவரிசை ஓர் எழுத்தைத் தாங்கிற்று. முதல் 20 நெடுவரிசைகள் பெயருக்கு, அடுத்த 6 எண்ணுக்கு எனப் பிரித்துக்கொண்டால், துண்டை வெட்டியெடுத்தல் என்பது நெடுவரிசை எண்ணைச் சொல்லுவதே. எழுத்தும் இடமும் ஒன்றே என்னும் கருத்து இவ்வட்டையில் வேரூன்றியது. ஆங்கில எழுத்துமுறைக்கு அது குறையின்றிப் பொருந்தியமையால் எவரும் அதனை ஐயுறவில்லை.

1960களில் நிரல்மொழிகள் இக்கருத்தை ஏற்றுக்கொண்டன. பெல் ஆய்வுக்கூடத்தில் 1962இல் உருவாகத் தொடங்கிய ஸ்னோபால் மொழி சரங்களைக் கையாள்வதையே நோக்கமாகக் கொண்டது. ஐ.பி.எம். உருவாக்கிய பி.எல்.ஒன் மொழியில் துண்டெடுக்கும் செயற்கூறும் இடங்காணும் செயற்கூறும் உள்ளமைந்திருந்தன. தோரணங்களைக் குறிக்கும் முறைக்கு ஸ்டீபன் கிளீனி 1950களில் கணித அடிப்படை அமைத்தார். கென் தாம்ப்சன் 1968இல் அதனைத் தேடல் நிரலாக்கும் வழியை வெளியிட்டார். இன்று சுருங்குறித்தொடர் எனத் தமிழில் வழங்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் இவ்வாறு நடைமுறைக்கு வந்தது. 1977இல் நூத்து, மோரிஸ், பிராட் ஆகிய மூவரும், பாயர், மூர் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்ட வழிமுறைகள் உட்சரத் தேடலை விரைவாக்கின. இவ்வறிஞர்கள் தேடலின் வேகத்தை ஆராய்ந்தனரேயன்றித் தேடப்படும் அலகை ஆராயவில்லை. அலகு அவர்களுக்கு முன்பே தரப்பட்டதாக இருந்தது.

தரவுத்தளத்தின் வரலாற்றில் 1970ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை அவ்வாண்டில் வெளியிட்டார். அதன்மீது டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974இல் வடித்த சீக்வெல் மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று. 1986இல் அமெரிக்கத் தரநிலையான அம்மொழியில் 'லைக்' என்னும் ஒப்பீடு இடம்பெற்றது. அதில் சதவீதக் குறி (%) எத்தனை எழுத்துகளையும், அடிக்கோடு (_) ஏதேனும் ஓர் எழுத்தையும் குறிக்கும். துண்டெடுக்கும் 'சப்ஸ்டிரிங்', இடங்காணும் 'பொசிஷன்' ஆகியன 1992ஆம் ஆண்டுத் தரநிலையில் சேர்ந்தன. அதற்கிடையில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்திருந்தது. ஆரக்கிளில் 'இன்ஸ்டர்', மைக்ரோசாஃப்டில் 'சார்இண்டெக்ஸ்', மைஎஸ்கியூஎல்லில் 'லொகேட்' என்பன ஒரே வேலையைச் செய்கின்றன. 2008ஆம் ஆண்டுத் தரநிலை சுருங்குறித்தொடர்வழித் தேடலையும் துண்டெடுத்தலையும் ஏற்றது. பெயர்கள் பலவாயினும் 'ஓர் எழுத்து' என்பதற்குரிய விளக்கத்தை வினவல் மொழி தானே தருவதில்லை. அதனைக் குறியேற்றத்திடம் விட்டுவிடுகிறது. தமிழுக்கு இடர்ப்பாடு தொடங்குவது இவ்விடத்திலேதான்.

3. வரிவடிவக் குறியேற்றங்களின் காலம்

1980களிலும் 1990களிலும் தமிழ்க் கணிமை இந்நிலப்பகுதியில் ஊக்கத்தோடு வளர்ந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறைமையை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் 97 கருத்தரங்கம் தரப்பாட்டின் தேவையை முன்வைத்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றன. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு உருவாயிற்று. அடுத்த ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. இணையவழி ஒன்றுகூடிய ஆர்வலர்கள் வகுத்த திஸ்கி குறியேற்றத்தில், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை வெளியிடலாயிற்று.

இவற்றுள் திஸ்கியும் டாபும் 8 பிட்டு அளவில் ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே அடக்க முயன்றவை. தமிழுக்குக் கிடைத்த இடம் சிறிது. எனவே திரையில் தோன்றும் வரிவடிவத் துண்டுகளே குறியெண் பெற்றன. அவை தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. 'பொருள்' என்னும் சொல் திஸ்கியில் ஒற்றைக்கொம்பு, ப, கால், ரு, ள் என ஐந்து குறிகளாக அமையும். படிப்பதற்கும் அச்சிடுவதற்கும் இதில் குறையில்லை. தேடும்போதோ வியப்பான விளைவுகள் தோன்றின.

முதலாவது, பகரத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்டால் பெ, பே, பை, பொ, போ ஆகியவற்றில் தொடங்கும் சொற்கள் வாரா. அவை கொம்பிலோ ஐகாரக் குறியிலோ தொடங்குகின்றன. இரண்டாவது, 'பாரு' என்னும் உட்சரம் 'பொருள்' என்னும் சொல்லுக்குள் இருப்பதாகப் பொறி அறிவிக்கும். கொம்புக்குப் பின் பகரமும் காலும் ருகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன அன்றோ? மூன்றாவது, ள் என்பதும் ள என்பதும் தொடர்பற்ற இரு குறிகளாதலின், 'பொருள்' எனத் தேடுவோர்க்குப் 'பொருளை' கிடைக்காது. குறியேற்றம் கண்ணுக்காக அமைக்கப்பட்டது. தேடலோ மொழிக்காகச் செய்யப்பட்டது. அக்காலத்துக் கோப்புகளிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணிக்கைகளை இன்று மேற்கோள் காட்டுவோர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

4. ஒருங்குறி: தீர்ந்தவையும் தீராதவையும்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன் அமைப்பு இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றியது. கொம்புகள் ஒலிவரிசையில் மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுவதால், முன்னர்க் கூறிய முதலிரு குறைகளும் நீங்கின. ஆயினும் இஸ்கியின் நோக்கு பிற இந்திய எழுத்துமுறைகளோடு தமிழையும் ஒருசேரக் கண்டது. அதன்படி அகரமேறிய 'க' அடிப்படைக் குறி. அதன்மேல் புள்ளி சேர்ந்தால் 'க்'. தமிழிலக்கணமோ மெய்யையே முதலெழுத்தாகக் கொண்டு, உயிர் ஏறியபோது உயிர்மெய் பிறப்பதாகக் கூறுகிறது. தொல்காப்பியத்தின் முதலெழுத்து முப்பதில் 'க்' உண்டு; 'க' இல்லை. ஒருங்குறியில் 'க' உண்டு. 'க்' இரு குறிகளின் சேர்க்கை.

இதனால் அளவிடுதல் மாறுபடுகிறது. 'தமிழ்' என்னும் சொல்லுக்கு இலக்கணப்படி எழுத்து மூன்று. ஒருங்குறிப்படி குறியெண் ஐந்து. யூ.டி.எஃப்-8 வடிவில் 15 பைட்டுகள். மைஎஸ்கியூஎல்லில் நீளங்காணும் இரு செயற்கூறுகள் முறையே 15 என்றும் 5 என்றும் விடை கூறும். மூன்று எனக் கூறுவது அவற்றுள் ஒன்றுமில்லை. 'முதல் நான்கு எழுத்துகளைத் தருக' என்றால் 'தமிழ' என்பது கிடைக்கும். புள்ளி துண்டிக்கப்பட்டு எஞ்சியது வேறு சொல்லாகிவிடுகிறது.

தொடையகராதி செய்த வேலையை இன்று வினவலால் செய்ய முயல்வோர்க்கும் இதே நிலைதான். 'காலம்', 'பாலம்', 'ஞாலம்' ஆகியவற்றின் இரண்டாம் எழுத்து லகரம். பொறி எடுத்துத் தரும் இரண்டாம் குறியோ கால். அவ்வடிப்படையில் 'காலம்' என்பதற்குப் 'பாடம்', 'நாடகம்' ஆகியனவும் எதுகையாகிவிடும்.

ஒரே எழுத்துக்கு இரு வடிவங்கள் உண்டென்பது மற்றொரு சிக்கல். ஒகர உயிர்மெய்க் குறியை ஒற்றைக் குறியெண்ணாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமமானவை என ஒருங்குறி வகுத்துள்ளது. திரையில் வேறுபாடு தெரியாது. ஆயினும் இயல்பாக்கம் செய்யப்படாத தரவுத்தளத்தில் நேரடி ஒப்பீடு அவற்றை வேறாகவே கருதக்கூடும். ஔகாரக் குறிக்கு ஈடாக ளகரத்தைத் தட்டச்சு செய்தல், காலுக்கு ஈடாக ரகரத்தை இடுதல் ஆகிய வழுக்களும் கண்ணுக்குத் தப்பிவிடும், தேடலுக்குத் தப்பமாட்டா. இயல்பாக்கத்திற்கெனப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் 2020இல் ஒரு செயற்கூறைச் சேர்த்தது. எழுத்துதோறும் தனிக்குறி வழங்கும் டேஸ் 16 குறியேற்றத்தைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறிக்கு மாற்றாக ஏற்றது. எனினும் இணைய வழக்கில் ஒருங்குறியே நிலைபெற்றுவிட்டது.

5. ஒரு சொல்லின் சோதனை

இவற்றின் விளைவைப் 'பொருள்' என்னும் சொல்லைக் கொண்டு காணலாம். ஒரு மாணவர் ஒருங்குறிப் பாடமொன்றில் இச்சொல்லின் ஆட்சியை எண்ண விரும்பி, முன்னும் பின்னும் சதவீதக் குறி இட்டுப் 'பொருள்' எனத் தேடுகிறார் எனக் கொள்வோம். பொருள், பொருள்கள், பொருள்கோள் ஆகியன கிடைக்கும். பொருளை, பொருளால், பொருளுக்கு, பொருளின், பொருளில்லை ஆகியன கிடைக்கமாட்டா. உயிர் வந்து ஏறியபோது புள்ளி நீங்கிவிடுவதே காரணம். ஆகவே எழுவாய் வடிவம் எண்ணப்படுகிறது. வேற்றுமை ஏற்ற வடிவங்களிற் பெரும்பாலன விடுபடுகின்றன. அம்மாணவரின் அட்டவணை சொல்லின் ஆட்சியைக் காட்டுவதன்று. புள்ளியின் ஆட்சியையே காட்டுகிறது.

இறுதிப் புள்ளியை நீக்கிப் 'பொருள' எனத் தேடினால் இவ்வடிவங்கள் அனைத்தும் அகப்படும். 'பொருளாதாரம்' என்பதும் உடன்வரும். அதனைக் கண்ணால் ஆராய்ந்து ஏற்கவோ விலக்கவோ வேண்டும். இன்னும் 'பொருட்பால்', 'பொருண்மை' ஆகியன வாரா. புணர்ச்சியில் ளகரம் டகரமாகவும் ணகரமாகவும் திரிந்துவிட்டது. 'பொரு' எனச் சுருக்கினால் அவையும் வரும். அவற்றோடு 'பொருந்து', 'பொருநர்', 'பொருட்டு' எனப் பலவும் சேரும். சரத்தைச் சுருக்கச் சுருக்க விடுபடுவன குறையும், வேண்டாதன பெருகும். எவ்விடத்தில் நிறுத்துவது என்பதை இலக்கண அறிவே முடிவுசெய்யும்.

உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் தரவுகளைச் சேமித்த முறை இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் இம்முறையில் கணினியேற்றப்பட்டன. அம்முறையில் மெய்யும் உயிரும் தனித்தனிக் குறிகளாதலின், 'பொருள்' என்னும் சரம் 'பொருளை' என்பதற்குள் மாற்றமின்றி அமைகிறது. 'தமிழகம்' என்பதற்குள் உள்ள 'அகம்' என்பதையும் அது கண்டுபிடிக்கும். ஒருங்குறித் தேடல் அதனைக் காணாது, ழகரத்தினுள் அகரம் மறைந்திருப்பதால். ஆனால் 'நகம்' என்பதற்குள்ளும் 'அகம்' இருப்பதாக அம்முறை கூறும். ஆகவே எவ்வலகும் முழுமையானதன்று. ஒவ்வோர் அலகும் தனக்கேயுரிய ஆதாயத்தையும் இழப்பையும் உடையது. தமிழெழுத்திலேயே மெய்யும் உயிருமாகப் பிரித்த பாடத்தை மூலப்பாடத்தோடு இணையாக மற்றொரு நெடுவரிசையில் சேமித்து, தேடலை அதன்மீது நிகழ்த்துவது இயலக்கூடியதே. படிப்பதற்கு ஒன்று, தேடுவதற்கு ஒன்று என இரு வடிவங்கள் இருத்தல் வீண்செலவன்று.

6. ஆய்வேடும் வகுப்பறையும்

மேற்கூறியவற்றால் சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. தேடல்வழிப் பெற்ற எண்ணிக்கையை ஆய்வேட்டில் தருவோர், எப்பதிப்பின் மின்வடிவத்தில், எக்குறியேற்றத்தில், இயல்பாக்கம் செய்த பின்னரா முன்னரா, எச்சரத்தைக் கொண்டு தேடினர் என்பதைக் குறிப்பிடல் வேண்டும். அச்சு நூலுக்குப் பதிப்பாண்டும் பக்க எண்ணும் கேட்கும் நாம், வினவலுக்கு அதன் வடிவத்தைக் கேட்பதே முறை. 'இல்லை' என்னும் முடிவை வெளியிடுமுன், குறைந்தது வேற்றுமை ஏற்ற வடிவங்களையும் புணர்ச்சித் திரிபுகளையும் தனித்தனியே தேடியிருத்தல் வேண்டும். சொல்லடைவு கிடைக்கும் நூலாயின் அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தலும் இன்றியமையாதது.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. உடம்படுமெய், மெய்ம்முன் உயிர் ஏறுதல், ளகரத் திரிபு ஆகியன தேர்வுக்காக மட்டுமே படிக்கப்படுபவை என மாணவர் எண்ணுகின்றனர். ஒரே பாடத்தில் 'பொருள்' என்றும் 'பொருள' என்றும் தேடச்செய்து, இரு விடைகளின் வேறுபாட்டை விளக்குமாறு கேட்டால், புணர்ச்சி இலக்கணம் அவர்கள் கண்முன் செயற்படுவதைக் காண்பர். எதுகைச் சொற்களைத் தேடும் பயிற்சியும் அத்தகையதே.

முடிவுரை

நெடுவரிசை, பைட், குறியெண் என எழுத்தின் அலகு மாறிவந்த வரலாறே உட்சரத் தேடலின் வரலாறாகும். ஒவ்வொரு மாற்றமும் சில குறைகளை நீக்கிற்று. தமிழெழுத்தை மட்டும் நேரடி அலகாகக் கொள்ளவில்லை. பொறி ஒப்பிடுவது குறியெண்களை. நாம் ஆராய்வது சொற்களை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை முன்னையோர் பதம் பிரித்துக் கடந்தனர். அவ்வுழைப்பை இன்று எவரும் செய்யாது விடும்போது தேடற்பெட்டி அதனைச் செய்துவிட்டதாக நம்பிக்கொள்கிறோம். ஒரு நூலில் ஒரு சொல் இல்லை என்பது அந்நூலைப் பற்றிய கூற்று; ஒரு சரத்திற்கு விடை வரவில்லை என்பது அச்சரத்தைப் பற்றிய கூற்று. முன்னதைப் பின்னதிலிருந்து பெறுவதற்கு இலக்கணமே பாலமாக அமையும்.